கீரைக்கு ஒரு செக்ரோல்

அந்த நோட்டுப் புத்தகம் இன்னமும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. நீல அட்டை போட்ட, 80 பக்கப் பள்ளி நோட்டு. முதல் பக்கத்தில் 'கூட்டுக் காய்கறிக் கொல்லை, வருகைப் பதிவு' என்று எழுதி, அடியில் சிவப்பு மையால் இரட்டைக் கோடு இழுத்திருக்கிறேன். இடப்பக்கம் 23 குடும்பங்களின் பெயர்கள். மேலே சனிக்கிழமைகளின் தேதிகள். வந்தவர்களுக்குச் சரிக்குறி, வராதவர்களுக்குச் சுழி. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன காய்கறியின் எடை, கிலோவும் கிராமுமாக. கடந்த எட்டு மாதங்களில் அந்த நோட்டை எத்தனையோ முறை எடுத்து வரி வரியாகச் சரிபார்த்துவிட்டேன். ஓரிடத்திலாவது தவறாகப் பதிந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு, திருத்தி எழுதி, விஷயத்தை அத்துடன் முடித்திருப்பேன். ஆனால் கணக்கு சரியாகவே இருக்கிறது. சரியாக இருந்த அந்தக் கணக்கைக் கேட்டுத்தான், எங்களுள் மூத்தவரும் நாங்கள் எல்லோரும் பெரியம்மா என்று அழைப்பவருமான 74 வயதுப் பெண்மணி, மண்வெட்டியைக் கழுவிக் கொட்டகையில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். பல மாதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கொல்லை என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டம் என்று சொன்னால், ரப்பர் பால்மரமும் எண்ணெய்ச் செம்பனையும் நிற்கிற தோட்டத்தைத்தான் எவரும் நினைப்பார்கள். எங்கள் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து, தோட்டங்கள் கைமாறியபோதும் வீட்டுமனைகளாக மாறியபோதும் வெளியேறி, இந்த மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் தொற்றுக்கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய வாரங்களில், கேமரன் மலையில் விளைந்த காய்கறிகளைச் சந்தைக்கு இறக்க வழியில்லாமல் விவசாயிகள் கொட்டி அழிக்கிற படங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே, இங்கே ஒரு கட்டுக் கீரைக்குக் கடை கடையாக அலைந்தோம். அந்த வேதனைதான் தொடக்கம். தாமானுக்குப் பின்னால், பெரிய வடிகாலுக்கும் செம்பனைக் காட்டுக்கும் நடுவே லாலாங் புல் மண்டிக் கிடந்த அரை ஏக்கர் அரசு நிலத்துக்கு நில அலுவலகத்தில் விண்ணப்பித்து, டி.ஓ.எல். என்று எல்லோரும் சொல்கிற தற்காலிக உரிமத்தைப் பெற்றோம். 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி, அந்த உரிமம் எந்த மாதத்தில் கிடைத்தாலும் அதே ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதியைத் தாண்டாது. இந்தத் தேதியைப் பற்றிப் பிற்பாடு பேச வேண்டியிருக்கிறது.

பழைய பால்மரக் காட்டு மண் புளிப்பேறிக் கிடந்தது. முதல் போகத்து வெண்டை முழங்கால் உயரத்திலேயே மஞ்சளித்து நின்றுவிட்டது. கிந்தா வட்டாரத்தில் சுண்ணாம்பு மலைக்குப் பஞ்சமில்லை. அரைத்த சுண்ணாம்புக் கல் தூளை மூட்டை மூட்டையாக வாங்கிப் பாத்திகளில் கலந்து, இரண்டு வாரம் ஆறவிட்டு, அதன் பிறகு ஆட்டுப் புழுக்கை போட்டோம். செம்பனை ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சுகிற வெறுங்குலைகளை லாரியில் கொண்டுவந்து பாத்திகளுக்கு இடையே பரப்பினோம். மழை எவ்வளவு அடித்தாலும் மண் கரையாமல் காத்தவை அவைதான். மெல்ல மக்கி உரமானவையும் அவைதான். இரண்டாம் ஆண்டில் கத்தரிக்கு வாடல் நோய் வந்தது. காலையில் பச்சையாக நின்ற செடி மதியத்தில் துவண்டு, இலை மஞ்சளாகக்கூட நேரமில்லாமல் சில நாள்களில் செத்தது. அப்படிப்பட்ட செடியின் தண்டை அறுத்து ஒரு கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டால், அறுத்த வாயிலிருந்து வெள்ளை நூல் போல ஒன்று கீழே இறங்கும். அது மண்ணில் வாழும் பாக்டீரியா. தெளித்துக் கொல்ல மருந்து கிடையாது.

வழி காட்டியவர் பெரியம்மாதான். வடிகால் ஓரத்தில் தானாக முளைத்திருந்த சுண்டைக்காய்ச் செடிகளைத் தோண்டிப் பைகளில் வைத்து வளர்த்தார். பென்சில் பருமன் வந்ததும் சுண்டைத் தண்டைக் குறுக்கே அறுத்து, சவர பிளேடால் நடுவில் ஒரு விரற்கடை பிளந்தார். கத்தரிக் கொழுந்தின் அடியை இருபுறமும் ஆப்புப் போலச் சீவி அந்தப் பிளவில் செருகி, ஐஸ் பாக்கெட் பிளாஸ்டிக்கை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு கண்ணாடிப் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தார். வேர் சுண்டையினுடையது, காய் கத்தரியினுடையது. சுண்டை வேருக்கு அந்த நோய் எளிதில் பிடிப்பதில்லை. அவர் ஒட்டிய 12 கன்றுகளில் 10 பிழைத்தன. நான் வியந்து நின்றபோது அவர் சொன்னது: "மரத்துல காயம் படாம பட்டை சீவுன கை தம்பி இது."

தொடக்கத்தில் எல்லாம் எல்லோருக்கும் என்றுதான் இருந்தது. சேர்ந்து உழைப்பது, சேர்ந்து பறிப்பது. ஆனால் வெண்டைக்காய் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் நாரேறிவிடும். நுனியை ஒடித்தால் ஒடியாமல் வளையும். காயை முற்றவிட்ட செடி புதிதாகப் பூப்பதையும் குறைத்துக்கொள்ளும். பறிக்க வேண்டிய நாளில் ஆளில்லை. பறித்து வைத்த நாளில் ஆள் அதிகம். களை பிடுங்குகிற கைகள் ஏழெட்டுக் குடும்பத்தினுடையவை மட்டும் என்ற பேச்சு சாப்பாட்டுக் கடையில் எழுந்து, வாட்சப்பில் வளர்ந்து, இரண்டு வீடுகள் ஒன்றோடொன்று பேசாமல் போகும் அளவுக்கு வந்தது. செயலாளர் என்ற முறையில் நான்தான் நோட்டு வைக்கலாம் என்றேன். எல்லோரும் கைதூக்கினார்கள். பெரியம்மா அன்று வரவில்லை.

பேர் கூப்பிட்ட மாலை

ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை. மழை விட்டிருந்தது. தகரக் கொட்டகையின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, முதல் பதினொரு வாரக் கணக்கை நான் உரக்க வாசித்தேன். யாரையும் குறை சொல்வது என் நோக்கமில்லை. எண்களை எல்லோரும் கேட்டுவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். பட்டியலில் பெரியம்மாவின் பெயர் வந்தது. 11 சனிக்கிழமைகளில் மூன்று நாள் வருகை; எடுத்துப் போனது 14 கிலோ 300 கிராம். அதில் பாதிக்கு மேல், காலில் சர்க்கரைப் புண்ணோடு தனியாகக் கிடந்த ஒரு முதியவர் வீட்டுக்கும், கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண் வீட்டுக்கும் போயிற்று என்பது எனக்குத் தெரியும். நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. நான் அடுத்த பெயருக்குப் போனேன்.

"தம்பி, கொஞ்சம் நில்லு" என்றார் அவர். நிறுத்தினேன். "இது என்ன, செக்ரோலா?" தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டில் பேர் கூப்பிட்டு, வருகையையும் வேலையையும் பதிகிற ஏட்டுக்குத்தான் அந்தப் பெயர்.

"இல்ல பெரியம்மா, சும்மா ஒரு பதிவுதான்."

அவர் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். விரலை வைத்துத் தம் பெயரைக் கண்டுபிடித்து, அதற்கு நேராக இருந்த சுழிகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை நகர்த்தினார். குரலை உயர்த்தவே இல்லை. "பதினாலு வயசுல பேர் குடுத்தேன். முப்பத்தெட்டு வருஷம் விடியக்காலையில பிரட்டுக்கு நின்னேன். பேர் கூப்பிட்டா இருக்கேன்னு சொன்னேன். மேலுக்கு முடியலன்னாலும் போய் நின்னேன். இனிமே ஒரு கட்டுக் கீரைக்கு நிக்க மாட்டேம்பா." நோட்டை மூடி என் மடியில் வைத்தார். பிறகுதான் மண்வெட்டியைக் கழுவினார். சேறு போகும்வரை நன்றாகக் கழுவினார்.

கொட்டகையில் யாரும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து ஒருவர், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்றார். நானும் அன்றிரவு அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. என் அப்பா வேறொரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிற எழுத்தராக, வேலை பார்த்தவர். சிவப்பு மையால் இரட்டைக் கோடு இழுப்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றேன். அவர் மிகவும் நேர்மையானவர். எவருடைய பேரையும் வேண்டுமென்று விட்டதில்லை, எவருக்கும் இல்லாத நாளைப் போட்டுக் கொடுத்ததுமில்லை. அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் அவர் பேர் கூப்பிட, இருட்டில் நிற்கிற உருவங்கள் ஒவ்வொன்றாகக் குரல் கொடுப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மதியத்தில் அதே ஆள்கள் பால் வாளிகளோடு கொட்டகையில் வரிசையில் நிற்பார்கள். பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்கிற மானியை மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எழுதுவார்கள். ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. மரத்துப் பட்டையில் கத்தி ஆழமாகப் பட்டிருந்தால் அதற்கும் ஒரு கணக்கு. விடியலிலிருந்து மதியம்வரை ஒரு மனுஷியின் உடம்பு செய்கிற எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டங்களை நிரப்பியவரின் மகன் நான். எழுதுகிற பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு நோட்டு என்பது நியாயத்தின் கருவி; நின்று பேர் சொன்னவருக்கு அது வேறொன்று.

எண்ணாத நிலம்

ஆகஸ்டில்தான் அவர் வீட்டுக்குப் போகத் துணிந்தேன். சமையலறைக் கதவுக்கும் பின்சந்து வடிகாலுக்கும் நடுவே பத்தடி சிமெண்டுத் தரை. அதில் பெயிண்ட் டின்களிலும் உடைந்த குளிர்பெட்டியின் இழுப்பறைகளிலும் மிளகாய், பசலை, சிறுகீரை, கறிவேப்பிலை, ஒரு மூலையில் செராய் என்கிற எலுமிச்சைப் புல். பாகல் கொடி ஜன்னல் கம்பியில் ஏறி இருந்தது. "கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல, உக்காரு" என்றார். எதைப் பற்றிக் கேட்க வந்தேனோ அதை நான் கேட்பதற்குள் அவரே லயத்துக் கொல்லையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மதியம் பால் ஊற்றிவிட்டு வந்து, குளித்து, சோறாக்கி, வெயில் தாழ்ந்ததும் இறங்குகிற இடம். மரவள்ளி, பயற்றங்காய், கத்தரி, இரண்டு முருங்கை, ஒரு பலா. "அந்த ஒரு எடத்துலதான் தொரையும் கேட்டதில்ல, கிராணியும் கேட்டதில்ல. எத்தன கத்திரிக்கா காச்சுச்சுன்னு எனக்கே தெரியாது தம்பி. காச்சுச்சு, தின்னோம், குடுத்தோம்."

அந்தக் கொல்லைகள் தோட்டத்து நிர்வாகத்தின் தயவால் மட்டும் உண்டானவையல்ல. வெள்ளைக்காரர் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பத்தோடு இருக்கிற தொழிலாளிக்கு ஏக்கரில் 16இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 2,700 சதுர அடி, பயிரிட ஒதுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அந்த அளவின்படி பார்த்தால், நாங்கள் 23 குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இந்த அரை ஏக்கர் எட்டே குடும்பத்துக்குரியது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமற் போனபோது உயிரைப் பிடித்து வைத்தது அப்படிப்பட்ட துண்டு நிலங்களில் ஊன்றிய மரவள்ளிதான்; எங்கள் பாட்டிமார் சாகும்வரை அந்தக் கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 1974இல் அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றி உணவுப் பயிர் செய்யுங்கள் என்று நாட்டையே கேட்டுக்கொண்டபோது, லயத்துப் பெண்கள் அதைப் பல தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் கேட்டு நான் உருகிப்போய், நோட்டை அன்றே கிழித்துப் போட்டிருக்கக் கூடும். ஆனால் பெரியம்மா அத்தோடு நிறுத்தவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளைப் பற்றியும் சொன்னார். "வேல செஞ்ச வருஷத்துக்குக் கணக்குப் போட்டாங்க. வீட்டுக்கு ஏதோ போட்டாங்க. கொல்லைக்கு எங்க போட்டாங்க? புல்டோசர் மொதல்ல எறங்குனதே அங்கதான். பலா அப்பத்தான் பிஞ்சு விட்டிருந்துச்சு." ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் ஒரு முருங்கைக் கிளையையும் மட்டும் சாக்கில் சுற்றி எடுத்து வந்தாராம். பக்கத்துக் கோலகங்சாரில், 1877இல் நட்ட ஒன்பது பால்மரக் கன்றுகளில் மிஞ்சிய ஒன்றை இன்றும் வேலி போட்டுக் காக்கிறார்கள். அது காக்கப்பட வேண்டியதுதான். லயத்துக்குப் பின்னால் நின்ற அந்த இரண்டு முருங்கைக்கும் பலாவுக்கும் எந்தக் காகிதத்திலும் ஒரு வரி கிடையாது. யாரும் எண்ணாததால் அவர் அங்கே சுதந்திரமாக இருந்தார். யாரும் எண்ணாததால்தான் அது ஒரே காலையில் இல்லாமலும் போயிற்று. நிலச் சட்டமும் அப்படித்தான் இருக்கிறது: அரசு நிலத்தை எத்தனை ஆண்டு வைத்து அனுபவித்தாலும் அதனால் மட்டும் உரிமை வந்துவிடாது.

ஆகவே எழுதி வைப்பதையே பகையாகப் பார்க்க என்னால் முடியவில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், இதே ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அதுவும் பேர் எழுதுகிற வேலைதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் பேர் கொடுத்த பால்வெட்டுத் தொழிலாளி ஒரு தோட்டத்தின் பங்குதாரர் ஆனார். அதே கை, அதே பேனா, அதே கட்டங்கள். பேரை எழுதுவது எதற்காக, யாரிடம் காட்டுவதற்காக என்பதை நான் நோட்டைத் திறப்பதற்கு முன்பு யோசித்திருக்க வேண்டும். நில அலுவலகத்திடம் எங்கள் 23 பேர்களையும் எழுதிக் காட்ட வேண்டும். அது எங்களைக் காக்கிறது. அதே பட்டியலை எங்களுக்குள்ளேயே ஒருவர் மற்றவரிடம் காட்டி நின்றபோது, வெயில் தாழ்ந்து இறங்குகிற கொல்லை மறுபடியும் பிரட்டுக்களமாகிவிட்டது.

செப்டம்பரில் வருகைப் பதிவை நிறுத்தினோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 25 அடி நீளத்தில் இரண்டு பாத்தி பிரித்துக் கொடுத்தோம்; அதில் என்ன போடுகிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது அவரவர் விருப்பம். வாழை, கறிவேப்பிலை, செராய், ஒட்டுக் கட்டிய கத்தரி வரிசை ஆகியவை பொது. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்கு குடும்பங்களின் பாத்திகளில் லாலாங் திரும்ப ஏறிவிட்டது, அதன் வேர் பக்கத்துப் பாத்திக்கும் ஊடுருவுகிறது. வடிகாலைத் தூர்வார இன்னும் அதே ஏழெட்டுக் கைகள்தான். தண்ணீர்க் கட்டணத்தைச் சமமாகப் பிரிப்பதில் இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. உழைக்கிறவரின் மனக்குறையை நான் சிறியதாக நினைக்கவில்லை. அதைத் தீர்க்க நோட்டு உதவாது என்று மட்டும் எனக்குத் தெரிகிறது. வெண்டை முற்றுவது மட்டும் குறைந்திருக்கிறது, ஏனென்றால் தன் பாத்தியைத் தாண்டிப் போகிறவர் பக்கத்துப் பாத்தியில் முற்றப் போகிற காயைப் பறித்து வேலிக் கம்பியில் பையில் மாட்டிவிட்டுப் போகிறார். அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

இந்த மாதம் உரிமத்தைப் புதுப்பிக்கிற விண்ணப்பம். உறுப்பினர் பட்டியலை இணைக்க வேண்டும். பெரியம்மாவின் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்க அவர் வீட்டு வாசலில் மறுபடியும் போய் நின்றேன். "எந்தப் புத்தகத்துல?" என்றார். நில ஆபீசுக்கு என்றேன். காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தார். "இதுல போடு. தெளிவா எழுது. ஐசி நம்பரையும் போட்டுரு" என்று அடையாள அட்டையை எடுத்து வந்தார்.

மறுநாள் காலை, நான் வடிகால் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது, கைத்தடிபோல ஒரு முருங்கைக் கிளையைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மரத்தின் கிளைதான் அது. வேலி மூலையில் ஒரு முழம் குழி தோண்டி ஊன்றி, மேல்முனை காயாமல் இருக்க ஒரு பிடி சாணத்தை உருட்டி வைத்து, மண்ணைக் குதிகாலால் சுற்றிச் சுற்றி மிதித்தார். உரிமம் 31ஆம் தேதியோடு முடிகிறது, அடுத்த ஆண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை என்று நான் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"வாளிய எங்க வச்சிருக்கீங்க தம்பி?" என்றார்.